டியூனைப் பாதியில் மூடிவைப்பவர்களுக்கு

ஃப்ராங்க் ஹெர்பர்ட் எழுதிய 'டியூன்' நாவல் விஷயமாக எனக்கு இரண்டு கோஷ்டிகளோடு சண்டை. முதல் கோஷ்டி படிக்காமலே திட்டும். இரண்டாவது கோஷ்டி படித்துவிட்டுப் பாராட்டும். உண்மையைச் சொன்னால் இரண்டாவது கோஷ்டி மேல்தான் கோபம் அதிகம். இரண்டு பேரோடும் சண்டை போட நான் எடுத்துக்கொள்ளப்போகும் இடம் கொடைக்கானல். புழுக்கள் ஊர்கிற பாலைவனக் கிரகத்துக்கும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மிளகாய் பஜ்ஜி தின்கிற ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது, பொறுங்கள்.

முதல் கோஷ்டியை எல்லாரும் பார்த்திருப்போம். "விண்வெளியில ராஜா, ராணி, சதி, பெரிய புழு... இதெல்லாம் ஒரு இலக்கியமா? நம்ம ஊர்ல தண்ணிப் பிரச்சினை, நிலப் பிரச்சினை இல்லையா?" என்று கேட்பார்கள். இவர்களுக்கு அறிபுனை என்றாலே தப்பித்தல். இதில் வேடிக்கை என்னவென்றால், டியூன் முழுக்க முழுக்கத் தண்ணீர்ப் பிரச்சினையும் நிலப் பிரச்சினையும்தான். 1965-ல் புத்தகமாக வந்தபோது அதன் கடைசியில் ஹெர்பர்ட் ஒரு பின்னிணைப்பு சேர்த்தார். அந்தக் கிரகத்தின் சூழலியல் பற்றியது. அகராதிக்கும் வம்சவரலாறுக்கும் முன்னால், முதல் பின்னிணைப்பே அதுதான்.

இரண்டாவது கோஷ்டி அந்தப் பின்னிணைப்பைப் படிக்காமல் தாண்டிப்போகிறவர்கள். இவர்களுக்கு அட்ரெய்டிஸ் குடும்பத்துக் கொடியில் என்ன பறவை என்று தெரியும். ஹார்க்கோனென் பிரபுவின் விஷ வேலையெல்லாம் மனப்பாடம். 2021, 2024 படங்களை ஐமேக்ஸில் பார்த்துவிட்டு "என்னா வேர்ல்ட் பில்டிங்டா!" என்று வாயைப் பிளப்பார்கள். நானும் பிளந்தவன்தான், அதில் வெட்கமில்லை. ஆனால் அந்த உலகம் எதற்காக அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "கதையை ரசிடா, ஆராய்ச்சி பண்ணாதே" என்பார்கள். ரசிப்பது எங்கே முடிகிறது, ஆராய்ச்சி எங்கே தொடங்குகிறது என்று இவர்களுக்கு யார் கோடு போட்டுக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

டியூன் எப்படிப் பிறந்தது? 1957-ல் ஹெர்பர்ட் அமெரிக்காவின் ஒரிகான் கடற்கரையில் ஃப்ளோரன்ஸ் என்ற ஊருக்கு ஒரு கட்டுரை எழுதப் போனார். அங்கே மணல்மேடுகள் காற்றில் நகர்ந்து சாலைகளை மூடிக்கொண்டிருந்தன. அமெரிக்க வேளாண் துறை ஒருவகைப் புல்லை நட்டு மணலை நிறுத்திக்கொண்டிருந்தது. ஹெர்பர்ட் மயங்கிப்போனார். அந்தக் கட்டுரை வெளிவரவேயில்லை, நாவல்தான் வந்தது. நாவலின் பின்னிணைப்பில் வரும் கிரகவியலாளர் பார்டாட் கைன்ஸ், அராக்கிஸ் பாலைவனத்தைப் பசுமையாக்க முதலில் செய்வது என்ன? மணல்மேட்டில் புல் நடுவது. முந்நூறிலிருந்து ஐந்நூறு வருஷத்துக்கான திட்டம் அது. ஃப்ரெமென் மக்கள் அதற்காகத் துளித்துளியாகத் தண்ணீர் சேர்க்கிறார்கள், தாகத்தோடு செத்துப்போகிறார்கள், பேரன் காலத்தில் மரம் வரும் என்று நம்புகிறார்கள்.

இப்போது கதையின் மறுபாதி. ஒரிகானில் நட்ட அந்த ஐரோப்பியப் புல் நிற்கவில்லை. பரவிக்கொண்டே போனது. திறந்த மணல்வெளி சுருங்கியது, அதை நம்பியிருந்த செடிகளும் பறவைகளும் ஒடுங்கின. பிற்பாடு அதே புல்லைப் பிடுங்கி எறிய ஆட்களும் இயந்திரங்களும் இறங்கவேண்டி வந்தது. நாவல் வரிசையிலும் இதேதான் நடக்கிறது. அராக்கிஸ் பசுமையாகிறது. தண்ணீர் அந்தப் புழுக்களுக்கு விஷம். புழு போனால் ஸ்பைஸ் போகும். 1981-ல் வந்த நான்காம் புத்தகத்துக்கு வந்து சேரும்போது கிரகம் முழுக்கப் பச்சை, பாலைவனம் ஒரு மூலையில் பாதுகாத்து வைக்கப்பட்ட நிலத்துண்டு, ஃப்ரெமென்கள் பழைய பெருமையை வேஷம் கட்டிக் காட்டும் ஆட்கள். பசுமையாக்கினால் நல்லது என்று கைதட்டின வாசகனின் முகத்தில் ஹெர்பர்ட் அறைகிறார். பாதியில் மூடிவைக்கிறவர்களுக்கு இந்த அறை விழுவதே இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது பழனி மலைதான். கொடைக்கானலுக்கு டூர் போகாத பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் இருக்கிறதா? பைன் காட்டில் நின்று போட்டோ எடுக்காத ஆள் உண்டா? உயரமான மரம், நடுவில் வெயில் கீற்று, கீழே காய்ந்த ஊசியிலை. "ஆஹா, இயற்கை!" என்போம். அந்தப் பைன் நட்டது. அந்த யூகலிப்டஸ் நட்டது. மஞ்சள் பூவோடு சாலை நெடுக நிற்கிற வாட்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நடுவில் இருக்கும் ஏரிகூட 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் முயற்சியில் கட்டியது. பழைய பழனி மலை உச்சி எப்படி இருந்தது என்றால், மடிப்பு மடிப்பான பள்ளங்களில் குட்டையான அடர்ந்த சோலை, மேட்டிலும் சரிவிலும் புல். புல், புல், புல். அதில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குறிஞ்சி.

வெள்ளைக்காரன் கண்ணுக்குப் புல்வெளி என்றால் மரம் இல்லாத இடம், அதாவது வீணாய்க் கிடக்கிற இடம். விறகுக்காக யூகலிப்டஸ் வந்தது. தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நம்முடைய வனத்துறை அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னும் பெரிய அளவில் நட்டது. விஸ்கோஸ் இழை ஆலைக்கும் மரக்கூழ் வேண்டியிருந்தது. விளைவு? 1973-லிருந்து 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. அந்த நாற்பது வருஷத்தில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மரம் வெட்டி அழிந்ததல்ல, பெரும்பாலும் மரம் நட்டும் விவசாயம் பரவியும் அழிந்தது!

டியூனில் ஒரு சின்ன விஷயம் வரும். அராக்கிஸ் வானத்தில் வேவு பார்க்கும் செயற்கைக்கோள் எதுவும் கிடையாது. ஏன் என்று டியூக்கின் ஆட்கள் குழம்புவார்கள். ஃப்ரெமென்கள் விண்வெளிப் போக்குவரத்து கில்டுக்கு ஸ்பைஸை லஞ்சமாகக் கொட்டிக் கொடுத்து வானத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் நிலத்தில் என்ன மாற்றம் நடக்கிறது என்று தெரிந்துவிடுமே. இதை முதலில் படிக்கும்போது நல்ல திருப்பம் என்று நினைத்துத் தாண்டிப்போவோம். பழனி மலையின் கதை தெரிந்த பிறகு படித்தால் முதுகுத்தண்டு சில்லிடும். நமக்கு வானத்தில் செயற்கைக்கோள் இருந்தது, படமும் இருந்தது, நாற்பது வருஷம் யாரும் அப்படிப் பார்க்கவில்லை. லஞ்சமே தேவைப்படவில்லை.

"மரம் நட்டால் என்னப்பா தப்பு?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழனி மலை ஒரு தண்ணீர்த் தொட்டி. வடக்கே இறங்கும் ஆறுகள் அமராவதிக்குப் போகின்றன, தெற்கே இறங்குபவை வைகைக்கு. குதிரையாறு, பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, மருதாநதி, மஞ்சளாறு என்று மலையைச் சுற்றி அடிவாரத்தில் அணைகள். புல்லும் சோலையும் மழையை வாங்கி வைத்து மெதுவாக விடும். வேகமாக வளரும் தைல மரம் தன் பங்குக்கு நிறையக் குடிக்கும். வாட்டில் விதையோ மண்ணுக்குள் பல வருஷம் தூங்கும், தீ வைத்தால் முளைத்து எழும். வெட்டினாலும் சும்மா இருக்காது. அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டித் தள்ளு என்பதும் சரியான வைத்தியம் இல்லை. சில தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைக்கின்றன, அங்கே வெட்டினால் இரண்டாம் முறை அழிக்கிறோம். புல் பரப்பில் புதிதாக ஏறிவரும் வாட்டிலைப் பிடுங்கத்தான் வேண்டும். இடத்துக்கு இடம் பார்த்துச் செய்யவேண்டிய வேலை. கைன்ஸுக்கு இருந்த பொறுமை வேண்டும், அவருக்கு இருந்த கர்வம் கூடாது.

அடுத்தது சதி. "அரசியல் சூழ்ச்சியெல்லாம் சீரியல் மாதிரி" என்கிறார்கள். டியூனில் சூழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பேரரசர் ஷடாம், டியூக் லெட்டோவுக்கு அராக்கிஸைப் பரிசாகக் கொடுக்கிறார். அந்தப் பரிசே பொறி. ஹார்க்கோனென் படையோடு பேரரசரின் சொந்தப் படையும் மாறுவேஷத்தில் வந்து இறங்கும். ஏன் இத்தனை பாடு? ஒரே ஒரு கிரகத்தில்தான் ஸ்பைஸ் கிடைக்கிறது, அது இல்லாமல் கப்பல் ஓடாது. நிலத்திலிருந்து சரக்கு, சரக்கிலிருந்து கம்பெனி, கம்பெனியிலிருந்து அரசியல். பாத்திரங்கள் கெட்டவர்களாக இருப்பதால் சதி நடக்கவில்லை. நிலம் அப்படி இருப்பதால், அதன்மேல் உட்கார்ந்தவர்கள் கெட்டுப்போகிறார்கள்.

கொடைக்கானலில் இதற்கும் பஞ்சமில்லை. பிளசண்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கு தெரியுமா? மலையில் இத்தனை மாடிதான் என்ற விதியைத் தளர்த்தி ஏழு மாடிக்கு வழிவிட்ட வழக்கு. 2000 பிப்ரவரி 2 அன்று முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு சிறப்பு நீதிமன்றம் ஓராண்டு தண்டனை கொடுத்தது. அன்றைக்கே கட்சிக்காரர்கள் ரோட்டில் இறங்கினார்கள். தர்மபுரி பக்கம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கல்விச் சுற்றுலா பஸ் எரிக்கப்பட்டது. மூன்று மாணவிகள் கருகிச் செத்தார்கள். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. தீர்ப்பு எப்படியும் போகட்டும். கொடைக்கானலில் ஒரு கட்டடம் எத்தனை மாடி என்ற கேள்விக்கும், எங்கோ தர்மபுரியில் நம்மைப் போல் படித்துக்கொண்டிருந்த மூன்று பெண்களின் உயிருக்கும் நடுவில் ஒரு நேர்க்கோடு ஓடுகிறது. மலையைப் பற்றின எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் அந்தக் கோடு இருக்காது. நல்ல அரசியல் நாவல் அந்தக் கோட்டைத்தான் வரையும்.

கம்பெனி வேண்டுமா? அதுவும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை கொடைக்கானலுக்கு வந்தது. பிறகு ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு மாறியது. பாம்பார் சோலைக்கு மேலே இருந்த ஆலை. 2001-ல் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கிடங்கில் கிடப்பது வெளியே வந்து, ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திரும்பக் கப்பலேறியது. உடம்பு கெட்டது ஆலையால்தான் என்றார்கள் தொழிலாளர்கள். நிறுவனம் மறுத்தது. 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. தூரத்து சாம்ராஜ்யம் தனக்கு வேண்டாத வேலையை எட்டாத மலைக்கு அனுப்புவது என்பது அறிபுனைக்காரன் கற்பனை செய்யவேண்டிய விஷயமா என்ன?

டியூனில் எனக்கு மிகவும் பிடித்த சூழ்ச்சி பென் ஜெஸரிட் பெண்கள் செய்வது. புதுக் கிரகங்களுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி, தங்களுக்குப் பிற்காலத்தில் உதவும்படி ஜோசியத்தையும் நம்பிக்கையையும் விதைத்துவிட்டு வருவார்கள். பல தலைமுறை கழித்து அங்கே போய் இறங்கினால், ஜனங்களே "நீங்கள்தானா அது" என்று வரவேற்பார்கள். நம் தலையில் விதைக்கப்பட்டதும் ஒன்று உண்டு. மரம் என்றால் காடு, மரம் இல்லை என்றால் தரிசு. பள்ளிக்கூடத்து ஓவியப் போட்டியிலிருந்து அமைச்சர் மண்வெட்டியோடு நிற்கும் படம் வரைக்கும் அதுதான். விதைத்தவன் ஊருக்குப் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது, நாம் இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். கொள்கை அளவில் இப்போது காற்று மாறுகிறது. அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே 2022-ல் தமிழக அரசு ஒரு கொள்கை வகுத்தது. ஆனால் மண்டைக்குள் இருப்பதைப் பிடுங்க எந்த அரசாணை வரும்?

நியாயமான ஒரு மறுப்பு உண்டு, அதை மறைக்கக்கூடாது. "டியூனே வெளியிலிருந்து வந்த ராஜகுமாரன் ஆதிவாசிகளுக்குத் தலைவனாகும் கதைதானே? அதுவே காலனிக் கனவு இல்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். சரியான கேள்வி. முதல் புத்தகம் நம்மைப் பாலுக்காகக் கைதட்ட வைக்கிறது என்பது உண்மை. அந்தக் கைதட்டலின் விலையை 1969-ல் வந்த இரண்டாம் புத்தகம் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அவன் பேரால் நடந்த போரில் செத்தவர்கள் 6,100 கோடி. தலைவனை நம்பாதே என்பதுதான் ஹெர்பர்ட் சொல்லவந்தது. ஆனாலும் ஃப்ரெமென்களில் சாதாரணமாகச் சோம்பல் முறிக்கிற, கடன் வாங்குகிற, மாமியாரோடு சண்டை போடுகிற ஆள் எவரும் இல்லை என்பது குறைதான். அதனால்தான் பழனி மலையின் பளியர்களைப் பார்த்து "நம்ம ஊரு ஃப்ரெமென்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் தேன் எடுப்பதையும் மலை ஏறுவதையும் வியப்பது சுலபம். 2006-ன் வன உரிமைச் சட்டப்படி அவர்களுக்குச் சேரவேண்டிய நிலம் சேர்ந்ததா என்று கேட்பது கஷ்டம். வீரமான ஆதிவாசி என்பது படிக்க வசதியான பாத்திரம். பட்டா கேட்கிற ஆதிவாசி வசதியில்லாத பாத்திரம். நாவலுக்கு வேண்டியது இரண்டாவது ஆள்.

கடைசியாக, "அறிபுனை தமிழ் மண்ணுக்கு ஒட்டாது" என்கிற பல்லவி. சுஜாதா எண்பதுகளிலேயே 'என் இனிய இயந்திரா' எழுதிவிட்டார். 2021-ல் நடக்கிற கதை, சர்வாதிகாரி ஜீவா, பிள்ளை பெற அரசாங்க அனுமதி, ரோபோ நாய் ஜீனோ. சூழ்ச்சிக்குக் குறைவேயில்லை. நாட்டை ஆளும் அந்தத் தலைவனே நிஜமா என்று சந்தேகப்பட வைக்கும் துணிச்சலும் அதில் உண்டு. நான் சொல்லும் குறை ஒன்றுதான். அந்த நகரம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதற்கு மண் இல்லை, மழை இல்லை, ஆறு எங்கிருந்து வருகிறது என்று இல்லை. வாத்தியாரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று சண்டைக்கு வராதீர்கள். அவரைப் படித்துத்தான் இந்தப் பக்கமே வந்தேன் :-)

ஆனால் இந்தக் குறை தமிழில் வந்ததுதான் ஆச்சரியம். உலகத்தைக் கட்டுவது எப்படி என்று விதி எழுதிவைத்த மொழி இது. தொல்காப்பியம் என்ன சொல்கிறது? முதலில் நிலமும் பொழுதும். அதுதான் முதற்பொருள். அதிலிருந்து தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில். அது கருப்பொருள். கடைசியாகத்தான் மனுஷனின் காதலும் பிரிவும். ஹெர்பர்ட் தொல்காப்பியம் படித்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் அதே வரிசையில்தான் அராக்கிஸைக் கட்டினார். பாலை என்பது தனி நிலமே அல்ல, குறிஞ்சியும் முல்லையும் கெட்டுத் திரிந்தால் வருவதே பாலை என்பது சிலப்பதிகாரம் சொல்லும் கருத்து. சூழலியல் நாவலுக்கு இதைவிடச் சிறந்த கருவை யார் கொடுப்பார்கள்?

பழனி மலையில் என்ன இல்லை? அடிவாரத்தில் ஒன்பது பாஷாணத்தால் சிலை செய்ததாகச் சொல்லப்படும் போகர். மேலே 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம், 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதை எவர்ஷெட் கண்டுபிடித்த இடம். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன், மனைவியைத் தவிக்கவிட்டபோது கபிலரும் பரணரும் வந்து பாட்டாலேயே அவனை மடக்கியது. வரலாற்றுக்கு முந்தைய கல்திட்டைகள். பாதரசம். வாட்டில். ஏழு மாடி. நாம் 'குணா' குகையைப் பார்க்க வரிசையில் நின்றுவிட்டு, ஹோம்மேட் சாக்லெட் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறோம்.

ஆகவே மகாஜனங்களே, முதல் கோஷ்டிக்கு என் வேண்டுகோள்: திட்டுவதற்காகவாவது டியூனைப் படியுங்கள். இரண்டாம் கோஷ்டிக்கு: பின்னிணைப்பைப் படியுங்கள், இரண்டாம் புத்தகத்தையும் படியுங்கள். அப்புறம் அடுத்த முறை பைன் காட்டில் போட்டோ எடுக்கும்போது, இதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். கேட்டால் ரசனை குறையாது, போட்டோவும் நன்றாகவே வரும்.

மூன்றாவது கோஷ்டி ஒன்று இன்னும் உருவாகவில்லை. எழுதுகிறவர்களின் கோஷ்டி. குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018-ல். அடுத்தது 2030. ஒரு நல்ல நாவல் எழுத அவகாசம் இருக்கிறது. பூ பூக்கப் புல்வெளி மிச்சம் இருக்குமா என்பதுதான் அந்த நாவலின் கதை. யாராவது தொடங்குங்கள்.